சனிக்கிழமைத் தட்டு

என் கணவர் அம்புரோஸைக் காசிமேடு கல்லறையில் இறக்கியபோது கயிறு பிடித்த நான்கு பேரும் துறைமுகத்து ஆட்கள். தலைமாட்டில் தாவூது அண்ணன் நின்றார். சாமியார் ஜெபம் முடித்து நிமிர்ந்ததும் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தாவூது அண்ணன் வலது கையை நீட்டி, உள்ளங்கையைத் தரை பார்க்கத் திருப்பி, இரண்டு முறை மெல்லக் கீழே அழுத்தினார். நான்கு கயிறும் ஒரே அளவில் நெகிழ்ந்தன. கால்மாட்டுப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்ததும் முஷ்டியை மூடிக் காட்டினார். பெட்டி அப்படியே நின்றது. சரிசெய்துகொண்டு மறுபடி இறங்கியது.

அம்புரோஸ் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். வின்ச் என்பது கப்பலின் மேல்தளத்தில் இருந்து சுமை தூக்கும் யந்திரம். அதன் பின்னால் நிற்கிறவருக்குக் கப்பலின் அடியறை தெரியாது. கீழே மூட்டை கட்டுகிறவர்களுக்கு அவர் தெரியமாட்டார். நடுவில், அடியறையின் திறந்த வாயின் விளிம்பில் ஒருவர் நின்று கையால் சொல்வார். கட்டைவிரல் மேலே பார்த்தால் தூக்கு. உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்கு. முஷ்டி மூடினால் நிறுத்து. அவரைச் சிக்னல் மேன் என்பார்கள். என் கணவரின் சிக்னல் மேன் தாவூது அண்ணன்தான். இருவரும் வேலை நேரத்தில் ஒருவரை ஒருவர் தொட்டதில்லை, பேசியதும் இல்லை. எட்டு மணி நேரம் ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்த அடக்கம் பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. நடக்காமல் போனது ஒரு கண்ணாடித் தட்டினால். அதை அருகில் இருந்து பார்த்த மூன்று பேரில் இப்போது எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். டாக்டரம்மா வெளிநாடு போய்விட்டார். தாவூது அண்ணன் கையால் பேசுவார், எழுதமாட்டார்.

எழுபத்து நாலில் நான் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலையில் வரும் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் நூறு வெள்ளை அணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுதுவது என் வேலை. எனக்கு அது நன்றாக வரும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

அந்த வருஷம் டாக்டர் ரஹீமுன்னிசா எங்களிடம் வந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்யும் குடும்பம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பியிருந்தார். எக்ஸ்ரே பிலிம் அடுக்கி வைக்கும் பின்னறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, என்னையும் மத்தியானங்களில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் செய்ய நினைத்தது இதுதான். நம் வெள்ளை அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் பிறக்கின்றன. கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வகை அங்கே விதை மாதிரி இருக்கும் ஓர் அணுவிலிருந்து பெருகி, முதிர்ந்து, ரத்தத்துக்கு வருகிறது. அந்த விதையை எடுத்துத் தட்டில் போட்டால் தானாக முளைக்காது. எங்கிருந்தோ அதற்கு ஒரு சொல் வர வேண்டும். அந்தச் சொல் ஒரு புரதம். வேறு அணுக்கள் அதைச் சுரந்து வெளியே விடுகின்றன. விதை அதை வாங்கிக்கொண்டு பிரியத் தொடங்குகிறது.

"எப்படி டாக்டர் தெரியும், அது புரதம்னு?" என்று கேட்டேன்.

"கொதிக்க வச்சா வேலை செய்யாது. புரதத்தை அறுக்கிற நொதியைப் போட்டாலும் வேலை செய்யாது. அதுக்கு ஊரெல்லாம் ஆளுக்கொரு பேர் வச்சிருக்காங்க. நாம ஊக்கின்னு வச்சுப்போம்."

தட்டில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை அணுக்கள். அவைதான் ஊக்கியைச் சுரப்பவை. மேல் அடுக்கில் மஜ்ஜை. இரண்டும் கூழாக உறைந்திருப்பதால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் தொட்டுக்கொள்ள முடியாது. ஆனாலும் பத்து நாளில் மேலே குட்டிக் குட்டித் திரள்களாக அணுக்கள் முளைக்கும். அணு நகராது, ஊக்கி மட்டும் கூழுக்குள் ஊறி மேலே போகும்.

"சிக்னல் மேன் மாதிரி" என்றேன். என் கணவரின் வேலையைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

அகார் என்கிற அந்தக் கூழ்ப்பொருள் வெளிநாட்டிலிருந்து வந்து, எங்கள் அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் துறைமுகக் கிடங்கில், ஏதோ ஒரு கையெழுத்துக்காகப் பூட்டிக் கிடந்தது. டாக்டர் வீட்டிலிருந்து கடல்பாசி கொண்டு வந்தார். நோன்பு மாதத்தில் பாலும் சர்க்கரையும் போட்டு உறைய வைத்து வில்லை வில்லையாக வெட்டுவார்களே, அதே பாசி. இரண்டும் ஒன்றுதான், அழுக்குத்தான் கூட என்றார். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கழுவினேன். முதல் மூன்று தடவை ஒன்றும் முளைக்கவில்லை. தட்டுகளை வைக்கும் கண்ணாடி ஜாடிக்குக் கரியமில வாயு வேண்டும்; தண்டையார்பேட்டை சோடா கம்பெனியிலிருந்து உருளை வந்தது. நான்காம் தடவை முளைத்தது. அதற்குக் கீழ் அடுக்குக்கு ரத்தம் கொடுத்தவள் நான். அதன்பிறகு வேறு யார் ரத்தத்தையும் டாக்டர் கேட்கவில்லை.

"உங்க வீட்ல கடல்பாசி கம்மியாச்சுன்னு சொல்லலியா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா சொல்றாங்க, ஆஸ்திரேலியா போய் இவ கத்துக்கிட்டு வந்தது பாசி காய்ச்சறதுதான்னு."

நோன்பு மாதத்தின் இரண்டாம் வாரத்தில் என் கணவருக்குத் தொண்டை வலி வந்தது.

முதல் நாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். மறுநாள் குளிர் காய்ச்சல். மூன்றாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணத்தில் சாம்பல் நிறப் புண். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து, நானே விரலில் குத்தி, நானே தேய்த்து, நானே எண்ணினேன். ஐயாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டிய வெள்ளை அணு தொள்ளாயிரம்தான் இருந்தது. நூறு எண்ணினேன். நியூட்ரோபில் ஒன்றுகூட இல்லை. சில்லின் மறுகோடியிலிருந்து இன்னொரு நூறு எண்ணினேன். இல்லை. தாளில் பூஜ்யம் என்று எழுதினேன். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிடத் திருத்தமாக இருந்தது.

தனி அறையில் படுக்க வைத்தார்கள். டாக்டர் கேஸ் ஷீட்டை என்னிடமே கொடுத்து, "மருந்து, மாத்திரை, கஷாயம், பஸ்பம், எதாவது சாப்பிட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன். 'மருந்து எதுவும் உட்கொள்ளவில்லை' என்று எழுதியதும் நான்தான்.

பென்சிலின் போட்டார்கள். அது கிருமியைக் கொஞ்ச நாள் தடுத்து நிறுத்தும். நியூட்ரோபில் வராவிட்டால் அதற்கு மேல் அதனால் ஆகாது. எனக்கு இது டாக்டர் சொல்லாமலே தெரியும். தெரிந்திருந்ததில் ஒரு சௌகரியம், யாரும் என்னிடம் பொய் சொல்ல முயலவில்லை.

"மூணுல ஒண்ணு" என்றார் டாக்டர். "விதையே போயிருக்கலாம். இல்ல, விதை இருந்து ஊக்கி இல்லாம இருக்கலாம். இல்ல, ரெண்டும் இருந்து நடுவுல எதோ மறிக்கலாம்."

"வின்ச் இல்ல, சிக்னல் மேன் இல்ல, இல்லாட்டி ரெண்டு பேருக்கும் நடுவுல யாரோ குறுக்க நிக்கறாங்க" என்றேன்.

"ஆமா. அதைத் தட்டுல பாத்துடலாம்."

ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு, டாக்டர் நோன்பு திறந்துவிட்டு வந்ததும், அம்புரோஸின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, தெளிந்த நீரான சீரத்தை மட்டும் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் அவர் மார்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார். நான் தலைப்பக்கம் நின்றேன்.

"இதை ஒருத்தர் ரத்தத்து மேலதான் போட்டு வளக்கப் போறோம்" என்று அவரிடம் டாக்டர் சொன்னார். "உங்க வீட்டம்மா ரத்தம்."

அம்புரோஸுக்குக் குரல் வராது. காற்றாக வந்தது. "அங்கியும் அவ அடில இருந்துகினு அதிகாரம் பண்ணுவாளா."

அன்று பத்துத் தட்டுகள் ஊற்றினோம். எல்லாவற்றிலும் கீழே என் அணுக்கள், மேலே அவர் மஜ்ஜை. இரண்டு தட்டில் அணுக்களுக்குத் தீனியாகக் கன்றுக்குட்டிச் சீரம் மட்டும். மற்ற எட்டில் அதனோடு அவருடைய சொந்தச் சீரம், நாளுக்கு இரண்டு தட்டு. மெழுகுப் பென்சிலால் எழுதி, ஜாடியில் அடுக்கி, வாயு விட்டு, மூடிக்குக் கிரீஸ் தடவினேன். முழுதாக வளரப் பத்து நாள் ஆகும். ஐந்தாம் நாளே சின்னத் திரள்கள் தெரியும். ஐந்து நாள் அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

தாவூது அண்ணன் முதல் நாளே வந்துவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் நான் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மே, எப்டி கீறான்?"

"விழுங்க முடியல அண்ணே."

"நான் கஞ்சி எடுத்தாறேன். பள்ளிவாசல் கஞ்சி, வயவயன்னு எறங்கும். அந்த பிஸ்கட் பொட்டி எங்க கீது? ஆள் வுட்டுக் கேட்டான்."

கப்பலில் கிடைத்த நீலத் தகரப் பெட்டி. அலமாரியைக் காட்டினேன். எடுத்துக்கொண்டு போனார். விழுங்க முடியாத மனுஷனுக்குப் பிஸ்கட் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம், பாங்கு சொல்வதற்குக் கால்மணி முன்பு, மூடி போட்ட தூக்கில் நோன்புக் கஞ்சியோடு வருவார். தான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத நேரத்தில் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுவார். "இன்னொரு வாய் நைனா, ஆரியா, ஆரியா" என்பார். சுமையை இறக்கச் சொல்லும் கப்பல் சொல் அது. அதன்பின் அம்புரோஸுக்குக் காய்ச்சல் இறங்கும். வலி குறைந்து தூங்குவார். கஞ்சியை வாழ்த்தினேன்.

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் நாள், மத்தியானம். ஜாடியைத் திறந்தோம். டாக்டர் பார்க்க, நான் எழுத.

கன்றுக்குட்டிச் சீரம் மட்டும் போட்ட தட்டில் முப்பத்தெட்டு திரள்கள். டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "விதை இருக்கு டோரதி" என்றார். உட்கார்ந்துகொள்ள ஸ்டூல் தேடினேன்.

புதன் சீரம் போட்ட தட்டு, ஒன்றும் இல்லை. வியாழன், ஒன்றும் இல்லை. வெள்ளி, ஒன்றும் இல்லை. ஆக, நடுவில் மறிப்பது அவர் ரத்தத்திலேயே இருக்கிறது.

சனி, முப்பத்தொன்று.

டாக்டர் நிமிர்ந்தார். "பேரை மாத்தி எழுதிட்டீங்க. இது கன்னுக்குட்டித் தட்டு."

"இல்ல டாக்டர்."

"அவசரத்துல நடக்கும்."

"எனக்கு நடக்காது. மூடில எழுதினா மூடி மாறும். நான் தட்டோட அடியில எழுதறேன். மூணாவது தட்டு ஊத்தறப்பவே நீங்க கேட்டீங்க, ஏன் கவுத்துப் போட்டு எழுதறேன்னு."

இன்னொரு சனித் தட்டை வைத்துப் பார்த்தார். இருபத்தொன்பது. "அப்போ சனிக்கிழமை சாயங்காலம் அவர் ரத்தத்துல இல்லாதது எதோ மத்த நாள் இருந்திருக்கு" என்றார். நோன்பில் வறண்ட உதட்டை நாக்கால் தொட்டுக்கொண்டார். "உள்ள போறது. தானா வர்றது இல்ல."

கேஸ் ஷீட்டைக் கொண்டுவந்து பரப்பினோம். ஊசி எல்லாம் நாலு நாளும் ஒன்றே. ஆயா சொக்கம்மாளைக் கூப்பிட்டேன். அந்த வார்டில் யார் எதைத் தின்றார்கள், எதை வாந்தி எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் போகாது.

"சனிக்கெயமயா? அன்னிக்கி பாய் வர்ல. எதோ கப்பல் கெளம்பணும்னு ரெண்டு ஷிப்ட்டாம். உங்க வூட்டுக்காரு கஞ்சி இல்லாம மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கெடந்தாரு. நான் ஆரஞ்சு ஜூஸ் குட்த்தேன், வாணான்ட்டாரு."

நானும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அதே பள்ளிவாசல் கஞ்சியைத்தான் டோரதி நானும் தினம் குடிக்கிறேன்" என்றார் டாக்டர். "என்னை எண்ணிப் பாருங்க, எல்லாம் சரியா இருக்கும்."

சாயங்காலம் இருவரும் அந்த அறையில் காத்திருந்தோம். தாவூது அண்ணன் தூக்கோடு வந்து, டாக்டரைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்.

"அண்ணே, கஞ்சில இன்னா போடற?"

"இன்னாம்மே கேள்வி இது? அரிசி, இஞ்சி, பூண்டு, வெந்தயம், கொஞ்சம் கறி."

"அத்த பள்ளிவாசல்ல போடறாங்க. நீ இன்னா போடற?"

அவர் அம்புரோஸைப் பார்த்தார். அம்புரோஸ் முஷ்டியை மூடிக் காட்டினார். நிறுத்து. அந்தக் கை பாஷை எனக்கும் தெரியும் என்று இருவருமே மறந்துவிட்டார்கள்.

"என்கிட்ட டபாய்க்காத. சொல்லு."

"வலி தாங்கலன்னு அயுதான்மே. முயுங்க முடியல. அத்த நுணுக்கிக் கலந்து குட்த்தேன். மருந்து ஒண்ணும் இல்ல. நம்ம கப்பல் சாமான்தான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் தெருவில் மருந்து என்றால் டாக்டர் எழுதி, கம்பவுண்டர் கட்டிக் கொடுப்பது. கப்பலிலிருந்து வருவது சோப்பாக இருந்தாலும், பால் பவுடராக இருந்தாலும், மாத்திரையாக இருந்தாலும், அது சாமான். நல்ல சாமான், கலப்படம் இல்லாதது, வீட்டுக்கு வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டி வைப்பது. ஆடி மாதம் அம்புரோஸுக்கு முழங்கால் வீங்கியிருந்தபோது ஒரு கப்பல் சமையல்காரர் வலி மாத்திரை கைநிறையக் கொடுத்தார். பிஸ்கட் பெட்டியில் போட்டு வைத்தவள் நான். ஆறு வாரமாகக் காலையில் காப்பியோடு எடுத்துக் கொடுத்தவளும் நான். தலைவலிக்கு நானே இரண்டு போட்டிருக்கிறேன். டாக்டர் மருந்து மாத்திரை என்று கேட்டபோது அந்தப் பெட்டி என் கண்ணில் படவே இல்லை.

தாவூது அண்ணன் ஜிப்பா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் திருப்பினார். மொழி எங்களுக்குப் புரியவில்லை. மருந்தின் பெயர் டாக்டருக்குப் புரிந்தது. அமிடோபைரின். வலிக்கும் காய்ச்சலுக்கும் நல்ல மருந்து. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒன்றும் செய்யாது. ஒருசிலருக்கு மட்டும், அது ரத்தத்தில் இருக்கும் வரை, உடம்பு தன் நியூட்ரோபில்களைத் தானே அழிக்கும். மஜ்ஜையில் முளைத்து வருவதையும் விடாது.

"சனிக்கிழமை நீங்க வராதது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர்.

தாவூது அண்ணன் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார். தூக்கைத் தரையில் வைத்தார். "நானாம்மே இவனுக்கு வெஷம் வச்சேன்?"

"பொட்டியக் காட்னது நானு" என்றேன். "அதுக்கு முன்னால ஆறு வாரம் குட்த்ததும் நானு. நீ ஒண்ணுத்தயும் தனியா எடுத்துக்காத."

கேஸ் ஷீட்டை வாங்கி, நான் எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் மருந்தின் பெயரையும் ஆறு வாரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நிறுத்தியதும் அவருக்கு மோசமானது. அதுவரை சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சலை இறக்கியது கஞ்சி இல்லை, அந்த மாத்திரைதான். சனிக்கிழமை காய்ச்சல் நூற்று மூன்று. ஞாயிறு நூற்று நாலரை. உதறல் எடுத்து இரும்புக் கட்டில் சுவரில் இடித்தது. புண் உதடு வரை வந்துவிட்டது. என்னைப் பார்த்து விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். ஒன்றே ஒன்று கொடு.

தாவூது அண்ணனை அறைக்குள் விட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், கிருமி பயத்தால். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை என்னை வெளியே கூப்பிட்டார்.

"அவன் நெருப்பா எரியறாம்மே. நானு இங்கியே நின்னுகினு பாத்துகினு கீறேன். அந்த மாத்திர போட்டா அர மணில எறங்கும், நாம கண்ணால பாத்தோம். ஒண்ணு குடு. ஒண்ணுதான்."

"மாட்டேன்."

"உன் வூட்டுக்காரன்மே அவன்."

"அதான் மாட்டேங்கறேன்."

அவர் நம்பவில்லை. பின்னறைக்கு அழைத்துப் போனேன். ஏழாம் நாள் ஆகியிருந்தது. தட்டுகள் இன்னும் நன்றாக வளர்ந்திருந்தன. முதலில் வெள்ளிக்கிழமைத் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அவ்வளவு உயரமான மனுஷன் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியே."

"இது நீ கஞ்சி குட்த்த நாள்." சனிக்கிழமைத் தட்டை வைத்தேன். "இது நீ வராத நாள்."

நெடுநேரம் பார்த்தார். "இன்னாம்மே இது, கருவாட்டுல ஈ மொய்ச்சாப்ல கீது."

"அவரோடதுதான். ரெண்டும் அவரு மஜ்ஜைதான். கீய இருந்து கூப்புடறது என் ரத்தம். ரெண்டு தட்லயும் ஒரே கூப்பாடுதான். ஒண்ணுல மாத்திர குறுக்க நின்னுச்சு, ஒண்ணுல நிக்கல. இப்போ குறுக்க நிக்கறத எடுத்துட்டோம். சுமை மேல வர நேரம் ஆவும். நீ பாதில கைய மாத்திக் காட்டுவியா?"

அவர் கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. பிறகு மாத்திரை பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. வேறு சிலர் திறந்தார்கள். என் மாமியார் சிலுவையம்மாள் அறை வாசலில் நின்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார், படித்த திமிரில் பிள்ளையைச் சாகடிக்கிறாள் என்று. நான் அம்புரோஸின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் நான் ஜெபம் செய்தேனா என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. செய்தேன். ஆனால் ஜெபத்துக்கு நடுவில் முப்பத்தொன்று, இருபத்தொன்பது என்றுதான் வந்தது.

திங்கள், பூஜ்யம். செவ்வாய், பூஜ்யம், ஆனால் மோனோசைட் என்கிற வகை கொஞ்சம் கூடியிருந்தது. மஜ்ஜை விழிக்கும்போது அதுதான் முதலில் வரும் என்று டாக்டர் சொன்னார். அவரும் என்னைப் போல நாளை எண்ணிக்கொண்டிருந்தார். புதன், பூஜ்யம். காய்ச்சல் மட்டும் ஏறாமல் நின்றது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். சில்லைச் சாயத்திலிருந்து எடுத்துக் கழுவி, காயும் வரை விசிறி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். லிம்போசைட், லிம்போசைட், மோனோசைட், லிம்போசைட். பதினேழாவதாக ஒன்று வந்தது. பெரியது. உட்கரு இன்னும் துண்டு துண்டாகப் பிரியாமல் குதிரை லாடம் மாதிரி வளைந்திருந்தது. சுற்றிலும் இளஞ்சிவப்பு மணல். இப்போதுதான் மஜ்ஜையை விட்டு வந்த இளம் நியூட்ரோபில். மைக்ராஸ்கோப்பின் திருகை அசைக்காமல் அதையே பார்த்தேன். பிறகு மேலே எண்ணினேன், ஏனென்றால் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுந்து போகக் கூடாது. நூறு முடிக்க வேண்டும். நூறில் ஆறு.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் தனியாக நூறு எண்ணினார். ஏழு என்றார். "என்னைவிட ஒண்ணு கம்மியா எண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அது வெகுநேரம் துடைக்கப்பட்டது.

தாளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். அம்புரோஸ் விழித்திருந்தார். அவரிடம் சொன்னேன். "ஆறா?" என்று காற்றாகக் கேட்டார். "நூத்துலயா? பெயிலு மார்க்கும்மே."

"உனக்கு எப்பவும் அதானே" என்றேன்.

அவர் கண்ணால் ஜன்னலைக் காட்டினார்.

தாவூது அண்ணன் வேப்பமரத்தடியில் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கஞ்சித் தூக்கு இல்லை. அதை அவர் அந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டார். கையில் இரண்டு பேரீச்சம்பழம் வைத்திருந்தார், பாங்குக்காக. கண்ணாடி மூடியிருந்ததால் சொன்னால் கேட்காது. நான் ஜன்னலருகில் போய் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை மேலே நிமிர்த்தி, மணிக்கட்டைச் சின்னதாக இரண்டு சுற்றுச் சுற்றினேன். தூக்கு, மெதுவாக.

அவர் என் கையைப் பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார், சரியாகத்தான் காட்டுகிறாளா, காட்டத் தெரிந்துதான் காட்டுகிறாளா என்று. நான் மறுபடி காட்டினேன். அவர் மரத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. அவர் வாயில் பழத்தை வைக்க மறந்து, இரண்டு பழத்தையும் ஒரு கையில் மூடி வைத்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலை எங்கள் ஜன்னலைப் பார்த்து நிமிர்த்தினார். என் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்புரோஸ் போர்வைக்கு வெளியே கையை எடுத்து, வின்ச் பிடியை இழுப்பதுபோல, காற்றில் மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.